ஒரு வார்த்தைகூட விடாதவன்

உன் கறுப்பு வக்கீல் கோட்டை நம் சட்டத் துறைக்குக் கொடுத்துவிட்டுப் போனார் உன் மனைவி. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேலே உன் படத்தை மாட்டப் போகிறார்களாம். உறையைப் பிரித்ததும் அறை முழுக்க அந்துருண்டை வாசனை. வக்கீல் கோட்டு என்றால் வேர்வை நாறும், கோர்ட்டு வாசல் டீக்கடைப் புகை நாறும். உன்னுடையதில் அதெல்லாம் இல்லை. தையல்காரர் எப்படிக் கொடுத்தாரோ அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படத்திறப்பில் நான்தான் பேச வேண்டுமாம், கூடப் படித்து, கூடவே இங்கே பாடம் நடத்தியவன் என்பதால். மேடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன். போய்ச் சேர்ந்தவனைத் திட்டலாமா என்று கேட்பார்கள். இருந்தபோதும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். உனக்கு உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

குற்ற வழக்குகளில் அரசியலமைப்பு உரிமைகள் என்ற பாடத்தாளை உன்னைப் போல் நடத்த ஆளில்லை. அதை மறுக்க மாட்டேன். வேறு வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று கேட்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவனையும் கட்டாயப்படுத்த முடியாது என்று இருபதாவது பிரிவை விளக்கிவிட்டு, "மௌனம்தான் ஏழையோட முதல் வக்கீல்" என்று நிறுத்துவாய். கைதட்டல் அடங்கும்வரை கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாய். அந்த வரியை நீ வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஏழையை நீ எங்கே பார்த்தாய்? உன் பைக் திருடுபோனபோது ஸ்டேஷனில் புகார் கொடுக்க என்னைத்தான் அனுப்பினாய். "அந்த பெஞ்சுல போய் எவன் உக்காருவான்?" என்றாய்.

கலையரசியை உனக்கு நினைவிருக்காது. மரக்காணம் உப்பளத்துக் குடும்பம். முதல் வரிசையில் உட்கார்ந்து, நீ இருமினால் அதையும் எழுதிக்கொள்ளும் பெண். அவள் அண்ணன் முருகவேல்தான் உப்பு வாரி அவளைப் படிக்க வைத்தான். பாத்தியில் வேலை செய்கிற பெண்களுக்கு ஒதுங்க ஒரு நிழல் வேண்டும் என்று கேட்டு அவன் குத்தகைக்காரரோடு முட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சமயத்தில் பாத்திக் கரையை யாரோ வெட்டிவிட, தண்ணீர் புகுந்து விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோனது. யார் வெட்டினார்கள் என்று விசாரிக்கிற சிரமம் போலீசுக்கு எதற்கு? யாரோடு தகராறோ அவனைத் தூக்கினார்கள்.

கலையரசி ஸ்டேஷனுக்கு ஓடினாள். உள்ளே விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாளாம்: "அண்ணே, வாயத் தொறக்காத. கையெழுத்தும் போடாத. அது நம்ம உரிமை. எங்க சார் சொல்லிக்கிறாரு."

அவன் திறக்கவில்லை. தானே கரையை வெட்டியதாகப் போலீஸ் எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்தும் போடவில்லை. அதற்காகவே இரண்டு மடங்கு வாங்கினான். இடது காதின் மேல் விழுந்த அறையில் காதுக்குள் ஏதோ கிழிந்தது.

அவள் முதலில் போன் செய்தது உனக்கு. "நான் டீச்சிங் சைடும்மா, கோர்ட்டுக்கெல்லாம் வர்றதில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாய். பிறகு எனக்குச் செய்தாள். கிளியனூர் தாண்டி எங்கோ பேருந்தில் நின்றுகொண்டிருந்தவன், இறங்கி ஆட்டோ பிடித்துக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரிமாண்ட் முடிந்திருந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று அவள் சொன்னாள். மாஜிஸ்திரேட் வழக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறார்: "போலீஸ் அடிச்சாங்களா? ஏதாவது குறை இருக்கா?" முருகவேல் உதட்டை இறுக்கிக்கொண்டு நேரே பார்த்திருக்கிறான். மறுபடி கேட்டிருக்கிறார். அப்போதும் பதில் இல்லை. தங்கை சொன்னதை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. குறை ஏதுமில்லை என்று எழுதிக் காவலில் வைத்துவிட்டார். தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் காது வீங்கியிருந்தது தெரிந்திருக்கும். காயமில்லை என்று சான்று கொடுத்த டாக்டரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

வேன் கிளம்பியது. வலைக் கம்பிக்குப் பின்னால் அவன் முகம். சிரித்துக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்துப் பெருமையாகக் கத்தினான்: "ஏ பாப்பா! ஒரு வார்த்த வுடலியே நானு!"

அவள் கையை மட்டும் ஆட்டினாள்.

அன்று மாலையே பொம்மையார்பாளையத்தில் உன் வீட்டு மாடிக்கு வந்தேன். கடலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் இருந்தாய். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் நடத்துனதுல தப்பு இல்லியேப்பா" என்றாய்.

"குற்றத்தப் பத்திக் கேட்டா பேசாம இரு, அடிச்சாங்களான்னு கேட்டா கத்துன்னு ஒரு வரி சேத்துச் சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"ரிமாண்ட் நம்ம தாள்ல வராது. அது வேற தாள். காபி சாப்பிடுறியா?"

சாப்பிடாமல் இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தோம். உன்னோடு சரியாகப் பேசவில்லை. உன்மேல் இருந்தது கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அது வெறும் இளக்காரம். நீ படுக்கையில் கிடந்தபோது பார்க்க வந்தேனே, அன்றும் அது குறையவில்லை. திரும்பி வரும் வழியில் அழுதேன் என்பதும் உண்மைதான்.

முருகவேல் பிணையில் வந்தான். வழக்கு பின்னால் நிற்கவில்லை. அடித்ததற்கு நாங்கள் போட்ட புகாரை, முதல் வாய்ப்பிலேயே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லவில்லையே என்று ஒரே காரணம் காட்டித் தள்ளிவிட்டார்கள். இடது காது போனது போனதுதான்.

உன் தாள் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. உன்னைப் போல் நடத்த வராது, யாரும் கைதட்டுவதில்லை. முதல் வகுப்பிலேயே நான் மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரையும் எழுப்பி, "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்கிறேன். பிரிவு எண்ணை ஒப்பிக்கிறார்கள். "எங்க அடிச்சாங்கன்னு சொல்லு" என்று கத்துகிறேன். வெட்கப்படுகிறார்கள். வெட்கம் போகும்வரை விடுவதில்லை.

கலையரசி இப்போது வக்கீல். ரிமாண்டுக்கு வருகிறவர்களுக்காகக் கோர்ட்டு வராந்தாவில் காத்திருக்கிறாள். அவள் கோட்டில் வேர்வை நாறுகிறது. புகார் ஏன் தள்ளுபடியானது என்று மட்டும் அவள் அண்ணனிடம் சொல்லவே இல்லை. சாட்சி பத்தவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்த மூன்று பேரில் நீ போய்விட்டாய். இப்போது அவளும் நானும்தான் சுமக்கிறோம்.

போன வாரம் மரக்காணம் கடைத்தெருவில் முருகவேலைப் பார்த்தேன். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கப் பேசுகிறான். கூட நின்ற உப்பளத்து ஆட்களிடம் என்னைக் காட்டி, "சாரக் கேளுங்கய்யா, எவ்ளோ அடிச்சானுங்க! கோர்ட்டுலகூட நான் ஒரு வார்த்த வுட்டனா?" என்றான்.

வலது பக்கமாகச் சுற்றிப் போய், அந்தக் காதருகே குனிந்து, "விடலப்பா" என்றேன்.