காலிச் சொற்களை நீக்கியவள்

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

இந்த வெயிலில் செங்கல்பட்டு வண்டியில் தொங்கிக்கொண்டு மறைமலை நகர் போவது ஏதோ பாவத்துக்கான தண்டனை என்று ஆரோன் கேலி செய்தார். என் வீட்டுக்காரருக்கு ஏசி ஆபீஸ், பேசுவார்.

தொழிற்சாலையில் மறுபடியும் அதே கதை. காலையில் படம் சுத்தமாக வருகிறது, இரண்டு மணிக்கு மேல் கிழிந்து கிழிந்து வருகிறது. உலைக்குப் பக்கத்தில் கேமரா போர்டு. அறுபது மீட்டர் தள்ளிக் கட்டுப்பாட்டு அறையில் இன்னொரு போர்டு. நடுவில் ஒரு ஃபைபர், அதில் நாங்களே வகுத்த வடிவத்தில் டேட்டா. அனுப்பும் பக்கம் நான் எழுதியது, வாங்கும் பக்கம் ஜெர்சன். ஆறு வருடமாக வேலையை இப்படித்தான் பிரித்துக்கொள்கிறோம். சர்ச்சிலும் அவன் குடும்பம் எங்களுக்கு முன் பெஞ்சு.

வாங்கும் பக்கத்தில், வரும் டேட்டா கொஞ்சம் காத்திருக்கும் பஃபர் நிரம்பி வழிகிறது என்று இன்று அவனே காட்டினான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

24 ஏப்ரல், வியாழன்

காலையில் ஜெர்சன் லேப்டாப்போடு என் மேஜைக்கு வந்தான். "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்." மீட்டிங் முடிந்து பார்க்கலாம் என்றேன். ஸ்லைடு முடிக்க வேண்டியிருந்தது.

பத்து மணிக்கு முதலாளி யக்ஞநாராயணன் சாரிடம் என் சோதனையைக் காட்டினேன். என் போர்டிலிருந்து கிளம்பும் ஃபைபரை அதே போர்டில் திருப்பிச் செருகி, திங்கட்கிழமையிலிருந்தே மூன்று நாள் ஓடவிட்டிருந்தேன். ஒரு பிழை இல்லை. "அனுப்புற பக்கம் கிளீன் சார். வழியறது ரிசீவர்லதான்."

ஜெர்சன் ஒன்றே ஒன்று கேட்டான். "அக்கா, நடுவுல காலிச் சொல் விடுறீங்கல்ல?" படத்துக்கு நடுநடுவே அர்த்தமில்லாத ஒரு சொல்லை அனுப்பி, வாங்கும் பக்கத்துக்கு மூச்சுவிட இடம் கொடுப்பது வழக்கம்.

"அதெல்லாம் மொத நாள்லேருந்து இருக்கு," என்றேன்.

"சரிக்கா." மடியில் லேப்டாப் மூடியே இருந்தது.

25 ஏப்ரல்

டீ குடிக்க ஜெர்சன் கூப்பிடவில்லை.

2 மே, வெள்ளி

ஜெர்சன் வேலையை விட்டுவிட்டான். சார் அவனை இந்த லிங்க் வேலையிலிருந்து எடுத்து, யாரும் படிக்காத கையேடு எழுத உட்கார வைத்தார். "ஹை ஸ்பீடெல்லாம் எல்லாருக்கும் வராது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரு வாரம் பொறுத்தான். கடிதம் கொடுத்ததும் இன்றைக்கே போகலாம் என்று அனுப்பிவிட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் சரிதானே, எதற்குத் திறக்க வேண்டும்?

7 மே, புதன்

சரியில்லை. என் பக்கம்தான் சரியில்லை.

ஜெர்சனின் வேலையும் என் தலையில் விழுந்ததால், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க என் புரோகிராமைத் திறந்தேன். பிப்ரவரியில் பெரிய படம் வேண்டும் என்று கேட்டார்கள், இடம் போதவில்லை. காலிச் சொற்களை நான்தான் நீக்கியிருக்கிறேன். அப்புறம் போட்டுக்கலாம்னு எடுத்தது, அப்படியே மறந்துபோச்சு.

இரண்டு போர்டுக்கும் தனித்தனி கிளாக், டேட்டா ஓடும் வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஒரே வேகம் என்று எழுதியிருப்பார்கள், ஒருநாளும் இருக்காது. எங்கள் ஏசி அறையில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவிலுள்ள இடைவெளியே அதைச் சமாளித்துவிட்டது. உலைச் சூட்டில் கேமரா போர்டின் கிளாக் தன் போக்கில் வேகமாகப் போகிறது. வாங்குகிறவன் என்ன செய்வான், வழிகிறான்.

மூன்று நாள் சோதனையாம். பேசுவதும் கேட்பதும் ஒரே போர்டு, ஒரே கிளாக். தனக்குத் தானே பேசிக்கொண்டால் தப்பு எங்கிருந்து வரும்? புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு நான் சொல்ற மொத பாடமே இதுதான்.

நீக்கியதைத் திரும்பப் போட்டேன். என்ன மாற்றினேன் என்று குறிப்பு எழுத வேண்டும். 'சின்னத் திருத்தம்' என்று எழுதினேன்.

ஏண்டி அப்படி எழுதினே?

9 மே, வெள்ளி

மூன்று மணி வெயிலிலும் படம் சுத்தம். சார் ஜாங்கிரி வாங்கிவரச் சொன்னார். "ஜெர்சனோட ரிசீவரை ஈவ்லின் ஒரே வாரத்துல சரி பண்ணிட்டாங்க."

"தேங்க்ஸ் சார்," என்றேன். வாயில் ஜாங்கிரி இருந்ததால் மறுத்துப் பேச முடியவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

1 ஜூன், ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. ஒருவரோடு மனக்குறை வைத்துக்கொண்டு அந்த மேஜைக்குப் போய் அப்பமும் ரசமும் வாங்கக் கூடாது என்பது எங்கள் சர்ச்சில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முழங்கால் வலி என்று ஆரோனிடம் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். முன் பெஞ்சிலிருந்து ஜெர்சன் எழுந்து போனான்.

வெளியே அவன் மனைவி ஜோசலின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவருக்கு ஒரு நல்ல எடத்துல ஏறக்குறைய முடிஞ்சிருச்சு. செவ்வாய்க்கெழம ஒங்க சாருக்கு ஃபோன் போட்டு விசாரிப்பாங்களாம். நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்கக்கா."

சொல்கிறேன் என்றேன். இந்த முறை நிச்சயம்.

2 ஜூன், திங்கள்

சார் அறை வாசல் வரை போனேன். உள்ளே கஸ்டமர். நாளைக் காலை முதல் வேலையாக.

3 ஜூன், செவ்வாய்

சார் வரும்போது பன்னிரண்டு. நான் சாப்பிடப் போயிருந்தேன். போயிருந்தேன் என்ன, அவர் காரைப் பார்த்த பிறகுதான் எழுந்து போனேன்.

5 ஜூன், வியாழன்

சொல்லிவிட்டேன். காலிச் சொல், பிப்ரவரி, 'சின்னத் திருத்தம்', எல்லாம்.

சார் மேஜைமேல் இருந்த ஃபோனைக் கையில் எடுத்தார். பிறகு, "முந்தாநாளே ஃபோன் வந்துச்சும்மா. அவர் இதுல கொஞ்சம் வீக்னு சொல்லிட்டேனே."

என் முன்னாலேயே அவர்களை அழைத்தார். வேறு ஆளைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. ரெண்டு நாள். வெறும் ரெண்டு நாள்.

ஆபீஸில் எல்லோருக்கும் மெயில் போட்டேன், ஜெர்சனுக்கும். நீக்கியது நான், மறைத்தது நான், ரிசீவரில் எந்தத் தப்பும் இல்லை என்று. அனுப்பினால் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

8 ஜூன், ஞாயிறு

அஸ்தினாபுரம் போனேன், ஜெர்சன் வீட்டுக்கு. ஜோசலின் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மெயிலில் எழுதியதையே மறுபடி சொன்னேன், அழுதேன். அவன் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்க்கா. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கத் துணிவில்லை. மன்னிச்சிருடா என்றேன். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. "தண்ணி குடிங்க" என்றான்.

6 ஜூலை, ஞாயிறு

ஜெர்சன் படப்பையில் மெஷின் போர்டு ரிப்பேர் செய்யும் இடமொன்றில் சேர்ந்திருக்கிறானாம். ஆரோன்தான் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அவர்கள் இப்போது காலை ஏழு மணி ஆராதனைக்குப் போய்விடுகிறார்கள். முன் பெஞ்சில் வேறொரு குடும்பம்.

இன்றும் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. முழங்கால் என்று யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று அவனிடமிருந்து ஒரு மெயில் வந்தது. ஒரு எழுத்து இல்லை, ஒரு கோப்பு மட்டும். தொழிற்சாலை ஃபைபரில் ஓடிய டேட்டாவை அவன் பிடித்து வைத்த பதிவு. ஒரு முழுப் படம், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை. நடுவில் ஒரு காலிச் சொல்கூட இல்லை.

கோப்பைச் சேமித்த தேதி ஏப்ரல் 24, நேரம் காலை 9.20. கோப்புக்கு அவன் வைத்திருந்த பெயர் 'அக்காகிட்ட மட்டும் காட்ட'.

அஞ்சு நிமிஷம்தான் கேட்டான்.