மீன் கிடைக்காத ஆறு நாட்கள்

டாலிகஞ்ச், போர்ட் பிளேர்
23-6-1974

அன்பு மகள் கிரேசிக்கு,

ஆண்டவர் கிருபையால் இவ்விடம் நானும் உன் அம்மாவும் நலம். அம்மாவின் நலத்தை இம்முறை வழக்கத்திற்காக எழுதவில்லை, உண்மையாகவே எழுதுகிறேன். பெங்களூரில் நீயும் நலமாக இருக்க வேண்டுகிறோம். மாத்திரை பலன் தராவிட்டால் மூளை இரசாயன ஆராய்ச்சியை விட்டுவிட்டு அம்மாவைக் கவனிக்க வந்துவிடுவதாகவும், கப்பல் டிக்கெட்டும் எடுத்துவிட்டதாகவும் நீ எழுதியது கிடைத்தது. அதற்குப் பதில் சொல்லுமுன் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அம்மாவின் நடுக்குவாதத்துக்கு நீ அனுப்பிய எல்-டோபா மாத்திரையை, வெறும் வயிற்றில் குமட்டும் என்பதால் உணவோடு தரவேண்டும் என்று சீட்டில் கண்டபடி, காலை எட்டு, பகல் ஒன்று, இரவு எட்டு என்று நிமிடம் பிசகாமல் கொடுத்துவந்தேன், துறைமுக அலுவலகத்தில் கடல் மட்டத்தைக் குறிப்பதுபோலக் கை நடுங்கிய நேரத்தையும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட நேரத்தையும் நோட்டில் குறித்தேன், ஆயினும் முதல் மாதம் தெரிந்த குணம் பிறகு தேய்ந்துகொண்டே போயிற்று. அம்மா மெலிந்துவிட்டாளே என்று பக்கத்து வீட்டுச் சிலுவைராஜ் தன் படகிலிருந்து நாள்தோறும் சூரை மீன் துண்டு கொடுத்தனுப்ப, மருந்துக்கு வலு சேரட்டும் என்று மூன்று வேளையும் மாத்திரையோடு மீனையே ஊட்டினேன். மாத முடிவுக்குள் குணம் தெரியாவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாம் என்று இங்குள்ள டாக்டரும் சொல்லிவிட்டார்.

இந்நிலையில் கடல் கொந்தளித்து ஆறு நாள் படகு போகவில்லை, மெட்ராஸ் கப்பலும் வராமல் அபர்டீன் பஜாரில் பருப்புகூட இல்லை, சோறும் ரசமும் பூசணிக்காயும்தான். மூன்றாம் நாள் பகல் ஒன்றே முக்கால் மணிக்கு நான் வழியில் காலை நீட்டி நோட்டில் எழுதிக்கொண்டிருக்கையில் அம்மா நாற்காலியிலிருந்து தானாக எழுந்து, "என்னங்க, கால மடக்குங்க, அடுப்படிக்குப் போகணும்" என்றாள். மடக்கினேன். போனாள். நோட்டில் அந்த நேரத்துக்கான கட்டத்தில் 'நடந்தாள்' என்று குறித்தேன். ஏழாம் நாள் மீன் வந்தது, அன்று பகலே கால் மறுபடி ஒட்டிக்கொண்டது.

இந்த மருந்தும் புரதம் உடைந்து வரும் துண்டுகளுக்கு உறவுதான் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். அப்படியானால் மூளைக்குள் நுழையும் வாசலில் இரண்டும் முட்டிக்கொண்டு, மீனின் புரதம் முந்திவிடுகிறதோ? மூளையில் ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்குத் துளியினும் துளியான ஒரு பொருளை அனுப்பித்தான் நட என்று சொல்கிறது என்பதையும், அந்தச் சொல்லை ஒரு மீன் துண்டு மறிக்கக்கூடும் என்பதையும் நினைத்தால் எனக்கு ஜெபம் செய்வதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. சிலுவைராஜிடம் சொன்னேன். "அண்ணாச்சி, எம் மீன் மேலயே ரிப்போர்ட் எழுதிட்டீங்களா" என்று சிரித்தான், பிறகு வாசலில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

உன் பேராசிரியர் எழுத்தில் அனுமதிக்கும்வரை எதையும் மாற்றக்கூடாது என்றிருந்தேன். அம்மா கேட்கவில்லை. "கிரேசி கடுதாசி கப்பல்ல வந்து சேர்றதுக்குள்ள நான் எத்தன வேள உக்காந்தே கெடக்கணும்? மீன ராத்திரிக்கு மட்டும் வைங்க" என்றாள். அவ்வாறே செய்து இன்று பதினொன்றாம் நாள். பகலில் நடக்கிறாள், இரவில் சற்றுச் சிரமம். இன்று பூசைக்கு என் தோளைப் பிடிக்காமல் வந்தாள்.

ஆகவே நீ வரவேண்டாம். இத்துடன் இணைத்துள்ள நோட்டின் நகலைப் பேராசிரியரிடம் காட்டி, நான் கண்டது சரிதானா என்று கேட்டு எழுது. தவறாயின் தயங்காமல் எழுது. பரிசோதனைச் சாலையில் நேரத்துக்குச் சாப்பிடு. தேவமாதா உன்னைக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. பிரகாசம்

கீழே உள்ளதை அம்மா தானே எழுதினாள், நான் கை பிடிக்கவில்லை.

கிரேசி டிக்கெட்டை ரத்து பண்ணு. நீ படி. எனக்கு ராத்திரிக்கு மீன் உண்டு. அம்மா.