பூட்டி வைத்த என் அறை

அம்மா,

முழு வீட்டுக்கும் வாடகை வாங்கிக்கொண்டு ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறாய். இது ஏமாற்று வேலை. போனில் சொன்னால் வைத்துவிடுகிறாய்; அதனால் எழுதுகிறேன்.

வாடகைக்கு இருக்கும் ஜிஷா என்னிடம் போனில் அழுதாள். கைக்குழந்தையோடு மழை ஒழுகும் கூடத்தில் படுக்கிறாள். சாவி கேட்டதற்கு, "ஏட்டி, எம்மவன் வந்தா எங்க கெடப்பான்?" என்றாயாமே.

ஷார்ஜாவில் கண்ணை மூடினால் நான் அந்த அறைக்குத்தான் போகிறேன். குழித்துறை ஆற்றின் வெளிச்சம் சுவரில் அலைகிறது. என் கட்டிலில் ஒரு குழந்தை காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறது. எனக்கு அங்கே இடமில்லை. அது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது.

இந்த வருடமும் நான் லீவு கேட்கவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றிக் கேட்காதே.

சாவியை இன்றைக்கே ஜிஷாவிடம் கொடு. கொடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல், அம்மா.

உன் மகன்