தேசிக்காய் மிதித்த ஸ்னோமொபைல்

எப்போது கேட்டாலும் "சுகமா இருக்கிறன் அக்கா" என்று ஒரே பதிலைச் சொல்லும் என் செல்லத் தம்பி நேசனுக்கு,

நீ இப்போது இருக்கிற இடத்தில் குளிர் எப்படி என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். அதற்கு முதல் ஒரு கேள்வி. அடேய், பனியில் ஓடுகிற வண்டி ஒன்றை வாங்கி வீட்டில் நிறுத்தி வைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் என்னிடம் மூச்சு விடாமல் இருந்தாயா?

ஆடி மாதத்தில் ஒரு காலை, தேத்தண்ணி கேட்டுவிட்டு அது வருமுன்னே கதிரையில் சாய்ந்தபடி நீ போய்விட்டாய் என்று கனடாவிலிருந்து செய்தி வந்தது. அன்று எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. இனி இந்த ஆயுளில் இதற்கு மேல் ஓர் அதிர்ச்சி இல்லை என்றுதான் நினைத்தேன். இருந்தது.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சில கிழமைகளில் மாலினி போன் எடுத்தாள். இங்கே காலபோக விதைப்பு நேரம். இரணைமடுப் பக்கத்து வயலில் இருந்து சேற்றுக் காலோடு வந்து கிணற்றடியில் நின்றுதான் உன் மனைவியோடு கதைத்தேன். இரண்டு பேரும் வழக்கம்போல அழுது மூக்கைத் துடைத்த பிறகு, அவள் மெல்லக் கேட்டாள்.

"மச்சாள், அவற்ற ஸ்னோமொபைல் ஒண்டு கராச்சுக்குள்ள நிக்குது. அதை என்ன செய்யிறது?"

எனக்கு விளங்கவில்லை. வாசலில் பனி அள்ளுகிற மெசினாக்கும் என்று நினைத்து, "அது தேவைதானே, வச்சிருங்கோ" என்றேன். "இல்லை மச்சாள், இது ஏறி ஓடுறது" என்று சொல்லிப் படத்தை அனுப்பினாள்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தம்பி இருந்தால் அப்படித்தான் இருக்கும். முன்னால் சில்லு இல்லை, இரண்டு சறுக்குப் பலகை. பின்னால் சில்லுக்குப் பதில் அகலமான றப்பர் பட்டி. இரண்டு பேர் இருக்கக்கூடிய நீளச் சீற், அதில் கிழிந்த இடத்தை யாரோ தைத்திருக்கிறார்கள். ஆரோ ஓடி அலுத்து விற்ற பாவித்த மெசின் என்று மாலினி சொன்னாள். தைத்தது நீதானாம். சீற்றின் மேல், தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி, பல்லெல்லாம் தெரிய நீ.

நான் கிணற்றுக் கட்டில் அப்படியே இருந்துவிட்டேன். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியக் குளிக்கச் சொன்னால் போர்வையோடு தூணைக் கட்டிப்பிடித்து நின்ற பெடியன் நீ. அத்தானுடைய லான்ட்மாஸ்டர் உழவு மெசினை ஒரே ஒருநாள் ஓட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கி, இழுவைப் பெட்டியோடு வாய்க்காலுக்குள் இறக்கியவன். அதற்குப் பிறகு உன்னை நம்பிச் சைக்கிளைக்கூட யாரும் தரவில்லை. நீ கனடாவில், பனிக்காட்டுக்குள், பெண்சாதி பிள்ளையை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டினாயா?

அத்தானிடம் ஓடிப்போய்ப் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ம், ஃபோர் ஸ்ட்ரோக். நல்ல மெசின்" என்று சொல்லி, விதைநெல்லை ஊறப்போடப் போய்விட்டார். மனிசனுக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பிறகு எனக்கு வந்தது பார், ஒரு கோபம். ஒவ்வொரு மார்கழிக்கும் என் தம்பி குளிரில் வாடுகிறான் என்று முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் நான். கேட்டால் நீ சொல்வாய், "வெளியில தலை நீட்டுறேல்ல அக்கா, வீட்டுக்குள்ளதான்." பிள்ளையார் உன் புளுகைக் கேட்டுச் சிரித்திருப்பார்.

"நாளைக்கே வில்லுங்கோ" என்று மாலினியிடம் சொன்னேன். "அந்தச் சனியன் வீட்டில நிக்கக் கூடாது." அவளும் சரி என்றாள். பத்து நிமிடத்தில் உன் மகள் துளசி எடுத்தாள். அவளுக்குத் தமிழ் தட்டித் தடவித்தான் வரும், ஆனால் அன்றைக்கு ஒரு சொல்லும் தடக்கவில்லை.

"மாமி, விக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா அம்மா கேப்பா."

அம்மா அப்பா இல்லாத குடும்பத்துக்கு நான் மூத்தவள், அதனால் தீர்ப்பு என் தலையில் வந்து விழுந்தது. ஒருத்தி விற்க வேண்டும் என்கிறாள், மற்றவள் கூடாது என்று அழுகிறாள். நான் அசையவில்லை. அப்போது துளசி ஒரு வீடியோவை அனுப்பினாள், நீ வண்டியை வாங்கி வந்த முதல் நாள் எடுத்தது.

புது வாகனம் வந்தால் நாங்கள் என்ன செய்வோம்? சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து மிதிக்க விடுவோம். உன் வண்டிக்குச் சில்லே இல்லை. நீ சறுக்குப் பலகைக்குக் கீழே ஒவ்வொரு தேசிக்காயை வைத்துவிட்டு வண்டியை எடுத்தாய். தேசிக்காய் நசியவில்லை. பலகை அதை அப்படியே பனிக்குள் அமத்திவிட்டுப் போய்விட்டது. அடுத்தது தேங்காய். பெரிய பூசாரி மாதிரி மூன்றுதரம் சுற்றி ஓங்கி அடித்தாய். உடையவில்லை! பனிக்குள் புதைந்து காணாமலே போனது. நீ முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் கிண்டிக் கிண்டித் தேட, வீடியோ எடுத்த துளசி சிரித்த சிரிப்பில் படம் ஆடியது. உன்னைப் பறிகொடுத்த துக்க வீட்டில் நானும் சிரித்துவிட்டேன், தம்பி. பிறகு வெட்கமாக இருந்தது.

சிரித்த துணிவில்தான் மாலினியிடம் கேட்டேன், இந்தப் பயந்தாங்கொள்ளிக்கு இப்படி ஓர் ஆசை எங்கிருந்து வந்தது என்று.

"அது அவற்ற ஆசை இல்லை மச்சாள். எனக்காக வாங்கினது."

கலியாணம் கட்டி நீ கூட்டிப்போன அந்த மல்லாவி ஊர்ப் பிள்ளை, பனிக்காலம் வந்தால் யன்னல் திரையை மூடிவிட்டு அறைக்குள் இருந்துவிடுவாளாம். வேலைக்குப் போவாள், வருவாள், திரையை மூடுவாள். துளசி பிறந்த பிறகும் அப்படித்தானாம். இது எனக்கு ஏன் தெரியாது? நீங்கள் இரண்டு பேரும் போனில் எனக்கு வெய்யிலை மட்டும் காட்டினீர்களா? வேலைத்தலத்தில் யாரோ சொன்னார்களாம், குடும்பமாகக் காட்டுப் பாதையில் இந்த வண்டியில் போனால் பனிக்காலம் தெரியாமல் ஓடிவிடும் என்று. அதைக் கேட்டு நீ அவளையும் கூட்டிக்கொண்டு பாவித்த வண்டி விற்கிற ஒருவரிடம் போனாய்.

அங்கே முதலில் காட்டியது டூ ஸ்ட்ரோக் வண்டி. பாரம் குறைவு, பாய்ந்து ஓடும். விற்கிறவர் அதை ஓட்டிக் காட்டுவதற்காக வெளியின் அந்தக் கரைக்குக் கொண்டுபோனார். தூரத்தில் அதன் சத்தம் மெல்லிசாக, விடாமல், 'ங்ஙீ' என்று கேட்டதாம்.

"எனக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது மச்சாள். பாத்தா நான் நிலத்தில குந்தியிருக்கிறன். ரெண்டு கையும் காதில. வண்டு."

அவள் சொன்ன வண்டு எது என்று எனக்குத் தெரியும். உனக்கு இதை நான் என்றைக்கும் விளக்கிச் சொன்னதில்லை. கடைசிச் சண்டைக்கு முதலே கனடா போனவன் நீ. ஆளில்லாத வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். பகல் முழுக்கத் தலைக்கு மேல் அதே சத்தம், ஆள் தெரியாது. அது ஓரிடத்தில் நின்று சுற்றத் தொடங்கினால் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட வேண்டும், பின்னால் செல் வந்து விழுந்து வெடிக்கும். மாலினி அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. இன்றைக்கும் அயலில் யாரேனும் புல்லு வெட்டுற மெசினின் கயிற்றை இழுத்துவிட்டால், அதே 'ங்ஙீ' சத்தம், நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். தலையிடி என்று சொல்லித் தப்பிவிடுவேன். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

நீ அந்த வண்டியை வேண்டாம் என்றாயாம். கொஞ்சம் தள்ளிப்போய் யாருக்கோ போன் எடுத்தாயாம். வந்து, மூலையில் நின்ற பழைய ஃபோர் ஸ்ட்ரோக்கை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாயாம். அது பாரம், ஆழப் பனியில் புதைந்தால் இழுத்தெடுக்க முதுகு நாரி முறியும். ஆனால் சத்தம் தடித்தது, பதிந்தது. நீ வண்டியைப் பார்க்கவே இல்லையாம், மாலினியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாயாம். அவள் கையைக் காதிலிருந்து எடுத்த பிறகுதான் "இதையே தாங்கோ" என்றாயாம்.

யாருக்குப் போன் எடுத்தாய்? அதைக் கேட்டுக்கொண்டு நான் நிற்க, பின்னால் ஒரு செருமல்.

"எனக்குத்தான் எடுத்தவன்" என்றார் அத்தான். "மாலினி இப்பிடிக் குந்தியிட்டாள், என்ன அத்தான் இது எண்டு கேட்டு அழுதான். நான் சொன்னனான், உது சத்தம்தான், உன்ர கொக்காவுக்கும் உந்த வருத்தம் இருக்கு, ஃபோர் ஸ்ட்ரோக்காப் பார் எண்டு."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பின்ன? நான் ஏன் இன்னும் கத்தியால வரம்புப் புல்லு வெட்டுறன் எண்டு நினைச்சனீ?"

கஞ்சத்தனம் என்று நினைத்தேன், நேசன். சத்தியமாகக் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்து ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இரண்டு ஆம்பிளைகள் எங்களுக்குத் தெரியாமல் எங்களைச் சுமந்திருக்கிறீர்கள்.

அன்று மாலை துளசி சொன்னாள், "அம்மா திரும்பவும் திரையை மூடத் தொடங்கிட்டா மாமி. அப்பா இருந்தா இப்ப வண்டிக்கு ஒயில் மாத்துற நேரம்." அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. மாலினிக்குப் போன் எடுத்து, "விக்காதையுங்கோ" என்றேன்.

"ஆர் மச்சாள் ஓட்டுறது? முன்னுக்கு இருந்தவர் இல்லையே."

"நீங்கள் ஓட்டுங்கோ."

"நானோ?" என்றவள் போனை வைத்துவிட்டாள். கூடிப்போய்ச் சொல்லிவிட்டேனோ என்று நான் கலங்கினேன். நாட்கள் போயின, அவள் எடுக்கவேயில்லை. இங்கே நெல் குடலை தள்ளி, கதிர் வரும் பருவமாகிவிட்டது.

தைப்பொங்கல் கழிந்து ஒருநாள், எங்களுக்குப் பொழுதுபட்டு விளக்கேற்றுகிற நேரம், வீடியோவில் துளசி. அங்கே வெள்ளை வெளேரென்று காலை. உன் தலைக்கவசத்தைப் போட்டபடி, உன் சீற்றில், மாலினி. பலகைக்குக் கீழே தேசிக்காய். தேங்காய் உடைக்க இந்தமுறை குசினி அம்மியைத் தூக்கி வந்து பனியில் வைத்திருந்தார்கள். ஒரே அடியில் இரண்டாக உடைந்தது.

அவள் வண்டித் திறப்பைத் திருப்பினாள். போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். "எங்கட லான்ட்மாஸ்டர் மாதிரியெல்லோ" என்றார் அத்தான். துளசி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் ஏறியதும் படம் இருண்டுவிட்டது. சத்தம் மட்டும்தான். வண்டி நகர்ந்தது, இரைச்சல் கூடியது, திடீரென்று மாலினி பெரிதாகக் கத்தினாள். கவிழ்ந்துவிட்டாள், நான்தான் அவளைக் கொன்றேன் என்று நினைத்தேன். "மாலினி! மாலினி!" என்று இங்கே முற்றத்தில் நின்று கத்தினேன்.

அவள் கத்தவில்லை, தம்பி. சிரித்தாள். உன் பெண்சாதி அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நீ கேட்டிருக்கிறாய், என்ன? அதற்காகத்தானே என்னிடம் அவ்வளவு பொய்யும் சொன்னாய்?

நேற்று அத்தானைக் கிளிநொச்சிக்கு அனுப்பிப் புல்லு வெட்டுற மெசின் ஒன்று வாங்குவித்தேன். நாளைக் காலை வரம்பில் இறக்கப் போகிறார். பத்துத்தரம் கேட்டுவிட்டார், "உண்மையாவோ?" என்று. அவர் கயிற்றை இழுக்கும்போது நான் குசினிக்குள் போக மாட்டேன். நடுங்கினால் நடுங்கட்டும், வரம்பிலேயே நிற்பேன். காதை மட்டும் பொத்த மாட்டேன், நேசன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் புளுகையெல்லாம் நம்பிய,
கொக்கா