தம்பி ஒட்டிய தாள்

12 மார்ச் 1985, செவ்வாய்

தம்பி சாகுமுன், மனைவி ராணிக்காக ஒரு மெட்டு அமைத்து, வாசல் மணிக்கான மெமரி சிப்பில் பதிந்து வைத்திருந்தான். அதைப் படிக்க மூன்று மாதமாக நானே ஓர் அடாப்டர் செய்தேன். தொழிற்சாலையில் ஈயம் பற்றவைக்கிற கை, அந்தத் தைரியம்தான். இன்று மாலை அவனுடைய கம்ப்யூட்டரில் மாட்டினேன். சிப் முழுக்கக் காலி.

சிப்பின் மேல் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் வெயில் பட்டால் பதிவு அழியும் என்று அவன் புத்தகத்தில் இப்போதுதான் படித்தேன். அதற்குத்தான் தாள் ஒட்டி மூடியிருக்கிறான். ‘ராணிக்கு’ என்ற அவன் கையெழுத்துக்காக அந்தத் தாளை உரித்துச் சாமிப் படத்தருகில் வைத்தவள் நான். சிப்பை எங்கள் ஊரான காஜா பெராங்கின் வெயிலில் ஜன்னலோரம் போட்டவளும் நான்.

“அண்ணி, பாட்டு கெடச்சிருச்சா?” என்று ராணி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“அடாப்டர் சரியில்லமா. இன்னும் ரெண்டு நாள் பொறு லா” என்றேன்.

அடாப்டரில் ஒரு குறையும் இல்லை.