கத்தூர் வீட்டு வாசலில் உட்கார்ந்தோம்

கைரவான்
ஷஃபான் பிறை 12

பலெர்மோவில் இருக்கும் அன்பு மகன் அனீஸுக்கு, உன் அடுத்த வீட்டு தவ்ஃபீக் சாச்சா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் நஸீஹா காலாம்மாவும் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். உன் உம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. உன் தங்கைக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தேன், நல்ல பையன்தான், ஆனால் வண்டியை மோசமாக ஓட்டுகிறான்.

போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறேனே என்று நீ யோசிப்பாய். போனில் என் குரல் உடையும். அதைக் கேட்டதும் நீ பழையபடி ஆறுதல் சொல்லத் தொடங்குவாய். அது வேண்டாம்.

போன வாரம் நாங்கள் மஹ்தியாவுக்குப் போனோம். 'வாடகை நாற்காலி' தொடரை எடுத்த தெருவைப் பார்க்கத்தான். சிரிக்காதே. என் மகன் வஜ்திக்கும் உனக்கும் அந்தத் தொடர் என்றால் எப்படிப் பைத்தியம் என்று எனக்குத் தெரியும். நோன்பு திறந்த கையோடு சூப்பைக்கூட முடிக்காமல் இரண்டு பேரும் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி முன்னால் வந்து விழுவீர்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் நாற்காலிகளை வைக்க இடமில்லாமல் அதில் வரும் கத்தூர் சாச்சா தன் நீலக் கதவுக்கு முன்னாலேயே வரிசையாகப் போட்டு வைப்பான். தெருவில் போகிற எவனாவது அசதியில் உட்கார்ந்தால் தொலைந்தான், கத்தூர் சொல்லாமல் எழுந்திருக்க முடியாது. வஜ்தி அவனைப் போலவே இடுப்பில் கை வைத்துப் பேசிக் காட்டுவான். காலாம்மா சிரித்துச் சிரித்து இருமுவாள். உன்னோடு இத்தாலிக்குப் படகேறுவதற்கு முந்தின நாள்கூட, அங்கே தங்குவதற்கான காகிதங்கள் கிடைத்துத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அவளைக் கத்தூர் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான். ஆறு வருஷம் ஆகிறது.

இப்போது போனதற்குக் காரணம் ஒரு புகைப்படம். அந்த வீட்டு வாசலில் நின்று படம் எடுத்துப் போடுவது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. யாரோ போட்ட அப்படி ஒரு படத்தை எதிர்வீட்டுப் பெண் தன் போனில் காட்டினாள். நாற்காலிகளுக்குப் பின்னால் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். உன் காலாம்மா அந்தக் கழுத்தைப் பார்த்து, இது வஜ்திதான் என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. வஜ்தியை இத்தாலியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம், வெறுங்கையோடு வீட்டுக்கு வர வெட்கப்பட்டு அங்கே ஒளிந்திருக்கிறானாம். அப்படி வெட்கப்பட்டு வேறு ஊரில் தங்கிவிட்ட பையன்கள் நம் பேட்டையிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அதனால் என்னால் வாய் திறந்து மறுக்க முடியவில்லை. உண்மையைச் சொல்கிறேன், மறுக்க எனக்கும் மனம் வரவில்லை.

ஒரு பெட்டி மக்ரூத் இனிப்பு வாங்கினாள், அவனுக்குப் பிடித்த பேரீச்சம்பழம் வைத்தது. சூஸ் வரைக்கும் வாடகை வண்டி. முப்பது வருஷம் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிய என்னைப் பின்சீட்டில் நெருக்கி உட்கார வைத்துவிட்டு, ஓட்டுநர் என்ற பெயரில் ஒரு தடிப்பயல் போன் பேசிக்கொண்டே ஓட்டினான். சூஸிலிருந்து ரயில். வழியெல்லாம் காலாம்மா பெட்டியை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தெருவுக்குள் நுழைந்தபோது லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஆள் நடமாட்டமே இல்லை. நீலக் கதவு பாதி திறந்திருந்தது. தொடரில் பார்த்த மாதிரியே வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன, நாற்பது இருக்கும். வருகிறவர்கள் படம் எடுக்கட்டும் என்று வீட்டுக்காரர் போட்டிருக்கிறார் போலும் என்று நினைத்தேன். நல்ல மனுஷன் என்றுகூடச் சொன்னேன். காலாம்மா ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஏதோ ஒன்றில் அவன் உட்கார்ந்திருப்பான் என்பது போல. அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. எப்படியாவது அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று, இந்தக் கிழவன் என்ன செய்தேன் தெரியுமா? முதல் வரிசை நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். வஜ்தி பேசுகிற அதே குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"உக்காந்துட்டீங்களா? இனிமே நான் சொல்லாம ஒருத்தனும் எந்திரிக்கக் கூடாது!"

கதவு முழுவதும் திறந்தது. ஒரு பெண் வெளியே வந்து நின்றாள். தலையில் வெள்ளைத் துணி, கண் இரண்டும் வீங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் உள்ளேயிருந்து பெண்களின் அழுகைச் சத்தம் வந்தது. அனீஸ், அது மையித்து வீடு. வீட்டுக்காரரான கிழவர் அன்று காலையில்தான் இறந்திருக்கிறார். ஆண்கள் எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு கடலோரக் கபர்ஸ்தானுக்குப் போயிருக்கிறார்கள், அதனால்தான் நாற்காலிகள் காலியாகக் கிடந்திருக்கின்றன. வேறு எந்தத் தெருவில் பார்த்திருந்தாலும் ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும், இது சாவு வீட்டு நாற்காலி என்று. அந்த வாசலில் பார்த்ததால் புத்தி மழுங்கிப் போயிற்று. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. எழுந்து நின்றேன்.

அந்தப் பெண் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ, தன் வாப்பாவும் வருகிறவர்களிடம் அதையேதான் சொல்லிச் சிரிப்பார் என்றாள். அதற்கு இவள், உன் காலாம்மா, மன்னிப்பும் கேட்கவில்லை, துக்கமும் விசாரிக்கவில்லை. நேராகப் போய், எதிர்வீட்டுப் பெண்ணிடமிருந்து தன் போனில் வாங்கி வைத்திருந்த படத்தை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு, அது தன் மச்சான் தாரிக் என்றாள். துறைமுகத்தில் வேலை, மையித்தோடு போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார். நான் போகலாம் என்று காலாம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள். அவரைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தது குடும்பத்தார் வரிசை. யாரென்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முன்னால் வந்த ஒரு பெரியவர் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, "பரக்கத் உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அதையே சொன்னார். அப்புறம் இன்னொருவர். மையித்துக்கு உரியவர்களிடம் மட்டும் சொல்லும் அந்த வார்த்தையை நம் வீட்டு வாசலில் வந்து சொன்னதற்காக இமாமின் மனைவியைக் காலாம்மா துடைப்பத்தோடு துரத்தியது உனக்குத் தெரியாது. என் மகன் உயிரோடு இருக்கும்போது எதற்கு என்னிடம் இதைச் சொல்கிறாய் என்று தெருவே கூடும்படி கத்தினாள். ஆறு வருஷமாக நம் பேட்டையில் எவரும் அதை எங்களிடம் சொன்னதில்லை. நான் அந்தப் பெரியவரிடம் ஆள் மாறிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அனீஸ். கையை நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டேன். கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கக்கூட இல்லை. காலாம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், என்னைத் தடுக்கவில்லை.

கடைசியாக தாரிக் வந்தார். நாற்பது வயது, முன்வழுக்கை, நல்ல தாடி. வஜ்தியின் சாயல் ஒரு துளி இல்லை. அதற்குப் பிறகும் இவள் எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"மகனே, கொஞ்சம் திரும்பி நில்லு."

அந்த மனுஷன் ஏன் என்று கேட்கவில்லை. கபர் மண் ஒட்டிய கையோடு சுவர்ப் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து நின்றார். இவள் அவர் கழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஆமாம், படத்தில் இருப்பது இவர்தான் என்று என்னிடம் சொன்னாள். மக்ரூத் பெட்டியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். சாவு வீட்டில் இனிப்பை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள், பாவம்.

திரும்பும் ரயிலில் பாதி தூரம் வந்த பிறகு காலாம்மா வாய் திறந்தாள். "அனீஸ்கிட்ட கேளுங்க. என்கிட்ட சொல்லச் சொல்லுங்க." அவ்வளவுதான். எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று நானும் கேட்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். படகு கவிழவில்லை, கரையேறியதும் போலீஸைப் பார்த்து ஆளுக்கொரு பக்கம் ஓடினோம், அதன்பின் வஜ்தியைப் பார்க்கவில்லை என்று முதல் தடவை சொன்னாய். விடிந்திருந்தது என்றாய். அடுத்த பெருநாளில் இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றாய். ஒருவன் போகாத பாதையைப் போனதாகச் சொன்னால் வண்டி ஓட்டுகிறவனுக்கு அது தெரியும். அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினெட்டு வயதில் இரண்டு கிழங்களைச் சாகடிக்க மனமில்லாமல் நீ சொன்ன பொய் அது. நான் அதைப் பிடித்துக் கேட்கவில்லை. கேட்டால் வஜ்தி செத்துவிடுவான் என்று பயந்தேன். ஆறு வருஷம் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தது உன் பொய் மட்டுமல்ல, என் மௌனமும்தான். அவளுக்கு அழக்கூடக் கிடைக்கவில்லை. உரிமை இல்லாத வீட்டில் போய் நான் அழுதுவிட்டு வந்தேன், அவள் அதுவும் இல்லாமல் வந்தாள்.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கூப்பிடு. போனை நான் எடுக்கமாட்டேன், அவள் எடுப்பாள். நடந்ததைச் சொல். தண்ணீர் எப்படி இருந்தது, அவன் என்ன சொன்னான், யார் கையை யார் பிடித்திருந்தார்கள், எல்லாவற்றையும் சொல். பிடித்த கை நழுவியிருந்தால் அதையும் சொல். பதினெட்டு வயதுக் கைக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. அன்று நீ உயிரோடு கரையேறியதற்கு உன் உம்மா அழுது அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்தாள். நான் செய்யவில்லை. உன் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இவன் வந்தான், அவன் ஏன் வரவில்லை என்றே நினைத்தேன். இன்று சுபுஹ் தொழுதுவிட்டு உனக்காக அந்த ஷுக்ரைச் செய்தேன். தாமதத்தை மன்னித்துக்கொள், மகனே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

உன் சாச்சா,
தவ்ஃபீக்