மலை ரூட்டில் சலுகை கேட்காதவள்

மார்ச் 4, புதன்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. இந்த வாரமும் மலை ரூட். எழுந்ததும் அரை டம்ளர் தண்ணீர், அப்புறம் சாயங்காலம் வரை இல்லை. அடிவயிற்றில் நான்கு நாளாக எரிகிறது.

பஸ் முழுக்கப் பெண்கள். கட்டணமில்லா டிக்கெட்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். பின்சீட்டு ஆள்: "எல்லாம் பொம்பளைங்களுக்கே குடுக்குறானுங்க. ஆம்பளையா பொறந்தது தப்பாப் பூட்சி." சிரிப்புதான் வந்தது.

மார்ச் 5, வியாழன்
லீவு. ஆஸ்பத்திரி. டாக்டரம்மா திட்டினார். "மூணாவது தடவ வர்றீங்க. தண்ணியும் குடிக்காம ஒண்ணுக்கும் அடக்கினு இருந்தா கிட்னி பூடும்மா."

வாங்க: மாத்திரை, பார்லி, மகளுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

எங்கே போவது? மலையில் கடைசி ஸ்டாப்பில் பத்து நிமிடம். டீக்கடை, சுற்றிலும் ஆண்கள். டிரைவர் அண்ணன் டயர் ஓரமாக நின்று முடித்துவிடுவார். ஒரு தடவை பக்கத்து வீட்டில் கேட்டேன். அவர்களே காட்டுக்குத்தான் போகிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி
முடியவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றத்தில் டிரைவர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். "போய்ட்டு வாம்மா, நான் பாத்துக்கிறேன்."

புதர் மறைவில் சொட்டுச் சொட்டாக. உயிர் போகிற வலி. பஸ்ஸுக்குள்ளிருந்து குரல்: "இன்னாத்துக்கு நிறுத்திக்கினு இருக்காரு?" "கண்டக்டரம்மா எறங்கிப் போயிருக்கு." சிரிப்பு. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மார்ச் 7, சனி
டவுன் ரூட் கேட்டு மனு எழுதினேன். டிப்போ கிளார்க் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இத மேனேஜர்கிட்ட குடுத்தா, பொம்பளைங்க மலைக்கு லாயக்கில்லன்னு எழுதிடுவாரு. திங்கக்கெழம இன்னொரு பொண்ணு சேருது. அதுக்கும் சேத்துத்தான். யோசிச்சிக்குங்க."

போன வருடம் சேர்ந்த அன்று, "சலுகை எதுவும் வேணாம் சார், எல்லாரையும் போல நடத்துங்க" என்றது நான்தான். இதே வாயால். எல்லாரையும் போல என்றால் ஆம்பளையைப் போல என்று அப்போது புரியவில்லை.

தனியாக ஒன்று கேட்டால் இனி வரும் பெண்களுக்கெல்லாம் கெட்ட பெயர். கேட்காவிட்டால் என் கிட்னி. இதில் எது சமத்துவம்? யாரைப் போய்க் கேட்பேன்? அழுகையாக வருகிறது. மனு டிக்கெட் பைக்குள்.

மார்ச் 9, திங்கள்
புதுப் பெண் வந்தாள். கவிதா, மணலூர்பேட்டை. மேனேஜர் முன்னால் நிமிர்ந்து நின்று, "அக்கா ஒரு வருசமா எந்தச் சலுகையும் கேக்காம மலை ரூட் போய்க்கினு இருக்காங்களாமே சார். எனக்கும் அதே குடுங்க" என்றாள். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பெருமையாக. மனு பைக்குள்ளேயே.

வேலை பழக என்னோடு வந்தாள். ஏற்றத்தில் காதோரம் குனிந்து கேட்டாள்.

"அக்கா, மேல ஒண்ணுக்கு எங்க போவீங்க?"

"போறதில்ல."

கையில் தண்ணீர் பாட்டில், பாதி குடித்திருந்தாள். மூடியை இறுக்கித் திருகிப் பைக்குள் வைத்துவிட்டாள்.